பாக்குவெட்டியில் நறுக்கிய மாத்திரை

"பங்குனி, திங்கட்கிழமை. நோன்பு மாதம். வாடைக் காற்று நின்றுவிட்டது, கடல் அசையவில்லை. உச்சி வெயிலில் முத்துராக்கு மெயின் ரோட்டில் விழுந்துவிட்டாள். நாச்சியா துப்பட்டி இல்லாமல் ஓடினார்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. காற்று எந்தப் பக்கம், மழை உண்டா, தெருவில் யார் வீட்டில் என்ன என்பதை நாலு வரிக்குள் எழுதிவைப்பது என் பழக்கம். கடைசி வாக்கியம் படிக்கிறவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்த வருஷங்களில், அந்த ஒரு நாளைத் தவிர, தலைமுதல் கால்வரை மூடும் துப்பட்டியைப் போர்த்தாமல் அவர் வாசல்படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

நாச்சியா என்பது அவர் பெயர் இல்லை. எங்கள் ஊர் இராமநாதபுரத்துக்கும் தொண்டிக்கும் இடையில் கடலை ஒட்டி இருக்கிறது. அவர் தெரு, ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பங்களின் தெரு. இன்றைக்கு வீட்டுக்கு ஒருவராவது துபாயிலோ தம்மாமிலோ இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் பெண்களை வெளி ஆட்கள் நாச்சியா என்று கூப்பிடுவது வழக்கம். சொந்தப் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் மகன் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

உள்ளூர்ப் பெண்கள் பள்ளிக்கு மாற்றலாகி, கொரோனாவுக்கு முந்தின ஆனி மாதம் நான் அந்த மாடிக்குக் குடிவந்தேன். சாமான் இறக்கி முடியவில்லை, கீழேயிருந்து ஒரு தட்டு வந்தது. அதில் பாதி சோப்பு இருந்தது. துபாய்ச் சோப்பு, சூடு காட்டிய கத்தியால் நேர் நடுவில் வெட்டியது. பின்னாலேயே அவரும் படியேறி வந்தார்.

"என்னடா பாதி குடுக்குறாளேன்னு நெனைக்காதீக டீச்சரம்மா. முழுசாக் குடுத்தா நீங்க விருந்தாளி. பாதி குடுத்தா நம்ம வீட்டு ஆளு."

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய எல்லாவற்றுக்கும் இதுதான் தொடக்கம். எது வந்தாலும் அவர் முதலில் அதன் நடுவைத் தேடுவார். தர்பூசணி என்றால் சரி. பேனா மூடி அளவுள்ள அத்தர் குப்பியிலிருந்து பாதியை இன்னொரு குப்பிக்கு மாற்றுவார். மகன் அனுப்பிய குளிர்காலப் போர்வையைக்கூட நடுவில் கிழித்து ஓரம் தைத்து, பாதியை எனக்குக் கொடுத்தார். எங்கள் ஊரில் குளிர்காலம் கிடையாது என்பது வேறு விஷயம். பக்ரீத் குர்பானி இறைச்சியை மூன்று பங்கு வைப்பார். "அது மார்க்கம் சொன்னது. பாதிங்கிறது நாஞ் சொன்னது" என்பார். "என்ன செய்ய, முழுசா எதுவும் எனக்குத் தொண்டையில எறங்காது."

அந்தத் தெருவில் தர்மம் செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இவர் அப்படி இல்லை. தன் பாதியைத் தின்றுகொண்டே, எதிராளி தன்னுடைய பாதியைத் தின்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அதில் அன்பு எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரிந்ததில்லை.

முத்துராக்கு திருப்பாலைக்குடியிலிருந்து மீன் கொண்டுவருகிறவள். விடிகாலையில் கரையில் ஏலம் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் ஈரச் சாக்கு போட்டு மூடி, ஷேர் ஆட்டோவில் எங்கள் ஊர் வந்து இறங்குவாள். பிறகு தெருத் தெருவாக நடை. கணவன் மங்களூர்ப் பக்கம் படகில் கூலிக்குப் போனவன். வருஷத்துக்கு இரண்டு முறை வருவான். நாச்சியாவைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். இருவரையும் சேர்த்துப் பார்க்கும் புது ஆட்கள் முத்துராக்குவைத்தான் மூத்தவள் என்பார்கள்.

அவளுக்கும் நாச்சியாவின் பாதிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருமுறை தராசு முள் தெரியவில்லை என்று அவள் சொன்னதற்கு, நாச்சியா தன் பழைய மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு நாலு நாள் மீன் விற்றாள் முத்துராக்கு. ஐந்தாம் நாள் கழற்றி வைத்தாள்.

"இதப் போட்டா பொடிக் காரலு மீனு பெரிய நகரையாத் தெரியுது நாச்சியா. தல வேற கிறுகிறுங்குது."

"பழகுனாச் சரியாப் போயிரும். எனக்கு மட்டும் மொதநாளே பழகிருச்சா?"

"ஒங்க கண்ணுக்கு அளவெடுத்தது. எங்கண்ணு அதுக்கு என்ன பண்ணும்?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாச்சியாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. மதுரையில் ஒரு டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரில் போய் ரத்தம், சிறுநீர், கண், கால் எல்லாம் பார்த்துவிட்டு வருவார். விரலில் குத்திப் பார்க்கும் மிஷினை மருமகள் துபாயிலிருந்து அனுப்பியிருந்தாள். ஒருநாள் முத்துராக்கு அன்னக்கூடையை இறக்கிவைத்ததும் மூன்று செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். கொல்லைப் பக்கம் போய்வந்தவள், தான் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை வேடிக்கை போலச் சொன்னாள். நாச்சியா உடனே மிஷினை எடுத்துவந்து அவள் விரலைப் பிடித்துக் குத்தினார். மிஷின் காட்டிய எண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

"ஏ முத்துராக்கு, நீயும் நம்ம கூட்டந்தாண்டி. பணக்கார நோவு வந்திருக்கு ஒனக்கு."

"வரட்டும் நாச்சியா. நோவாச்சும் பணக்கார நோவா இருந்துட்டுப் போகட்டும்."

அன்றைக்கே பாக்குவெட்டி வெளியே வந்தது. நாச்சியா வெற்றிலை போடுகிறவர். கொட்டைப்பாக்கு நறுக்கும் அந்தப் பித்தளைப் பிடி போட்ட பாக்குவெட்டியில் தன் காலை மாத்திரையை வைத்து, நடுக்கோட்டில் ஒரு அழுத்து. பாதி அவருக்கு, பாதி அவளுக்கு. மாத்திரை வெட்டுவதற்கென்றே பிளாஸ்டிக்கில் ஒரு சின்னப் பெட்டியை மருமகள் பிறகு அனுப்பினாள். அதன் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை.

நான் கேட்டேன். "டாக்டர்கிட்ட கேக்காம இப்படிக் குடுக்கலாமாம்மா?"

"ஒரே நோவு. ஒரே மாத்திர. அவ ஒடம்புல மட்டும் வேற என்ன ஓடுது டீச்சரம்மா?"

முத்துராக்கு மருந்து வாங்கப் போகக்கூடிய இடம் இல்லாமல் இல்லை. அவள் ஊருக்குப் பக்கத்தில் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது; மாத்திரை இலவசம். சர்க்கரைக்கு என்று வாரத்தில் ஒரு நாள் காலையில் பார்ப்பார்கள். வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் போவதும் காலையில்தான். ஏலத்தில் நிற்காதவளுக்கு அன்றைக்கு மீன் இல்லை. வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் பெண்ணும் உண்டு. அவள் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் முத்துராக்கு எங்கள் தெருவில் "நகரேய், முரலேய்" என்று கூவிக்கொண்டிருப்பாள். இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மீன் மத்தியானம் வரை காத்திருக்காது. நோயாளிகள் வரிசையும் அப்படித்தான்.

ஆகவே பாதி மாத்திரை நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்பார்கள், குழம்பை ஆணம் என்பார்கள். நாச்சியா பசியாற உட்காரும் நேரமும் முத்துராக்கு வந்து இறங்கும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு இடியாப்பம், மீந்த ஆணம், ஒரு வாய் டீ. அவள் அதைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்குவாள். அந்த இடியாப்பத்தை யாரும் மருந்தில் சேர்த்துப் பார்க்கவில்லை. மீன்காரிக்கு எதையாவது கொடுத்து அனுப்புவது அந்த வீட்டுப் பழக்கம், அவ்வளவுதான். பாதி மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொண்டது. தாகம் குறைந்தது. "பாத்தீகளா டீச்சரம்மா" என்று நாச்சியா என்னைப் பார்த்துச் சொன்னார்.

நோன்பு ஒவ்வொரு வருஷமும் சில நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. நான் சொல்லும் வருஷம் அது பங்குனி வெயிலுக்குள் வந்திருந்தது. நோன்புக்கு முந்தின மாதமே நாச்சியா மதுரைக்குப் போய் வந்தார். டாக்டர் அவருக்குத் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். காலை மாத்திரையைச் சாயங்காலம் நோன்பு திறக்கும்போது போட வேண்டும். இரவு மாத்திரையைக் குறைத்து விடியலுக்கு முந்தின ஸஹர் சாப்பாட்டோடு போட வேண்டும். நடுவில் வியர்த்தாலோ கை நடுங்கினாலோ உடனே நோன்பை முறித்துச் சர்க்கரை தின்ன வேண்டும். நல்ல டாக்டர். அந்தச் சீட்டை நாச்சியா எனக்கு வாசித்துக் காட்டினார்.

அந்த மாதம் பகலில் அவருக்கு மாத்திரை வேண்டியதில்லை. நோன்புக்கென்று புது அட்டைகள் வாங்கியிருந்ததால், கையிலிருந்த பழைய அட்டைகளில் காலை மாத்திரை மீந்தது. அதனால் முத்துராக்குவிடம் சொன்னார்: "எனக்குத்தான் பகல்ல வேணாமே. இந்த மாசம் நீ முழுசாவே போட்டுக்கடி." அந்த மூக்குக் கண்ணாடியை விட்டால், அதுவரை அவர் ஒரு பொருளை நறுக்காமல் கொடுத்தது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நோன்பு வீட்டில் பகலில் அடுப்பு எரியாது. இடியாப்பம் இல்லை, டீ இல்லை. முத்துராக்குவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ டீ நீட்டியபோது, "நோம்பு வச்சவுக வாசல்ல நின்னு குடிக்கிறதா? வேணாம் தாயி" என்று சொல்லிவிட்டாள். மாத்திரையை வாயில் போட்டு, வெறுந்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். முதல் சில நாட்கள் தலை சுற்றியது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மெயின் ரோட்டில் விழுந்தாள். மீன் தாரில் சிதறிக் கிடந்தது. கூடியவர்களும் வெயில் மயக்கம் என்றுதான் சொன்னார்கள். தண்ணீர் தெளித்தார்கள், சோடா வாங்க ஆள் ஓடியது. செய்தி தெருவுக்குள் வந்தபோது நாச்சியா குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். "வேத்திருக்கா? ஒடம்பு நனஞ்சிருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் அடுப்படியிலிருந்து சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபடி ஓடினார். நான் பின்னால் ஓடினேன். ரோட்டில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் போட்டு, சர்க்கரையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அவள் ஈறில் தேய்த்தார். அவர் உதடு நோன்பில் காய்ந்து வெடித்திருந்தது. விரலெல்லாம் சர்க்கரை.

"முழுங்கு. முழுங்குடி, பாவி மகளே, முழுங்கு."

முத்துராக்கு கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "மீனு?"

பிழைத்துக்கொண்டாள். சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் ஏற்றிச் சாயங்காலம் அனுப்பினார்கள். ஆனால் விழுந்தபோது வலது கால் செருப்பு கழன்று, பாதம் கொதிக்கும் தாரில் கிடந்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கும் உறைக்கவில்லை. சர்க்கரை நோயால் அந்தப் பாதம் உணர்ச்சி இழந்து ரொம்ப நாளாகியிருந்தது. மறுநாள் முன்பாதத்தில் ஒரு பெரிய கொப்புளத்தைக் காட்டி, "செருப்புக் கடி" என்றாள். இரண்டே நாளில் மீன் தண்ணீரில் நனைந்த அதே செருப்பைப் போட்டுக்கொண்டு விற்க வந்துவிட்டாள். சித்திரை போய், வைகாசி போய், ஆடிக் காற்றில் மணல் பறந்தபோது அந்தக் காலிலிருந்து வாடை வந்தது. மீன் வாடை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நாச்சியாதான் கண்டுபிடித்தார். மறுநாள் காலை காரை வரச் சொல்லி, முத்துராக்குவை ஏற்றி, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு தன் டாக்டரிடமே போனார். காலைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு, சீட்டின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்துவந்தாள் முத்துராக்கு. "சீட்டு நாறிப் போகும் நாச்சியா" என்று பரமக்குடி தாண்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் காலைப் பார்த்தார். முகம் மாறியது. பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்.

"காலைல என்னம்மா சாப்பிடுவீங்க?"

முத்துராக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இடியாப்பம். அவிச்ச முட்ட. ஒரு ஆப்பிளு."

"ஏ, அது நாந் திங்கிறதுடி" என்றார் நாச்சியா. "நாங் குடுக்குறது போக, நீயா என்ன திம்பேன்னு கேக்குறாரு."

முத்துராக்கு தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுங்கம்மா. காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"மீனு வித்த பெறகு."

"எப்ப வித்து முடியும்?"

"அது மீனத்தான் கேக்கணும் சார்."

டாக்டர் சிரித்தார். சிரித்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "வித்து முடிச்சு என்ன சாப்பிடுவீங்க?"

"கடையில ஒரு டீ. வட இருந்தா வட. வீட்டுக்குப் போயி ராத்திரிக்குத்தான் சோறு. அது நெறையாத் திம்பேன் சார். பகலுக்கும் சேத்து."

அதுவரை எழுதியிருந்த சீட்டை டாக்டர் கிழித்துப் போட்டார். வேறொன்று எழுதினார். இரவில், சோற்றுக்கு உட்காரும்போது மட்டும். "சோறு இல்லாத அன்னிக்கு இந்த மாத்திரையும் இல்ல. புரியுதா?" அந்தக் கால் மட்டும் அவர் எழுதக்கூடிய சீட்டைத் தாண்டிப் போயிருந்தது. மதுரை அரசு மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னார். அங்கே நன்றாகவே பார்த்தார்கள். ஆவணி பிறந்த வாரம் முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அவளைப் பார்த்துவிட்டு நானும் நாச்சியாவும் மதுரையிலிருந்து திரும்பினோம். பார்த்திபனூர் வந்ததும் கேட்டார். "எனக்கு நோம்புக்குன்னு மாத்தி எழுதித் தந்தாரே டீச்சரம்மா. அவளுக்கும் அப்பிடி ஒண்ணு எழுதி வாங்கணும்னு எனக்கு ஏன் தோணல?"

அவருடைய பட்டினிக்கு ஒரு பெயர் இருந்தது. அது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்பது தெரியும். பிறை பார்த்து ஊருக்கே அறிவிப்பார்கள். அதனால் டாக்டரால் முன்கூட்டியே சீட்டு எழுத முடிந்தது. முத்துராக்குவின் பட்டினிக்கு யாரும் பிறை பார்ப்பதில்லை. இதை நான் பின்னால் யோசித்து எழுதுகிறேன். காரில் அவர் தன் கைகளைப் பார்த்தபடி சொன்னது வேறு.

"எல்லாத்தையும் பாதியாக்குற கை. அவ காலையும் ஆக்கிருச்சு."

அதன் பிறகு பாக்குவெட்டி மாத்திரை நறுக்கியதை நான் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

அடுத்த நோன்பு வந்தபோது முத்துராக்கு மறுபடி விற்கத் தொடங்கியிருந்தாள். தெருத் தெருவாக நடக்க முடியாது. ஷேர் ஆட்டோ இறக்கிவிடும் முனையில், பூவரசு நிழலில் கூடையை வைத்து உட்கார்ந்திருப்பாள். வாங்குகிறவர்கள் அங்கே போக வேண்டும். பாதிப் பேர் போகவில்லை. நோன்பின் இரண்டாம் நாள் காலையில் கீழ்வீட்டிலிருந்து தாளிக்கும் வாசம் வந்தது. எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நோம்புப் பகல்ல தாளிக்கிற வாசம் வருது. யாரு வீட்லன்னு பாக்க வந்தேன்."

"எங்க வீட்லதான்."

"ஒடம்புக்கு முடியலியா? நோம்ப விட்டுட்டீகளா?"

"நோம்பு இருக்கேன். நோம்பு என் வாய்க்கு. அடுப்புக்கு இல்ல."

முத்துராக்குவை முனையிலிருந்து கூட்டிவர ஆள் அனுப்பினார். அவள் கம்பை ஊன்றி வந்தாள். தட்டைப் பார்த்ததும் பின்வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க எச்சி முழுங்காம இருக்கீக. நா ஒங்க எதுக்க உக்காந்து திங்கவா? பாவம் வந்து சேரும் நாச்சியா."

"சேரட்டும். நாஞ் சொமக்கிறேன்."

"மாத்திரதான் ராத்திரிக்கு மாத்தியாச்சே. இப்ப எதுக்கு?"

"மாத்திரைக்காகத் திங்கச் சொல்லல. பசிக்குத் திங்கச் சொல்றேன்."

"எனக்கு எறங்காது."

நாச்சியா கொஞ்சம் யோசித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "இப்ப நான் பாக்கல. நீ மென்னு. எனக்குச் சத்தம் மட்டும் கேக்கணும்."

அந்த மாதம் முழுவதும் அப்படித்தான். நான் மாடிப் படியில் இறங்கி வரும்போதெல்லாம் பார்ப்பேன். சுவரைப் பார்த்தபடி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு நோன்பு வைத்த ஒரு பெண். அவருக்குப் பின்னால், அரைப் பாதத்தை நீட்டி உட்கார்ந்து, மெல்லும் சத்தம் கேட்கும்படி மென்றுகொண்டிருக்கும் இன்னொரு பெண். அவர் அந்த வருஷம் இடியாப்பத்தைப் பாதியாகப் பங்கு வைக்கவில்லை. முழுசும் அவளுக்குத்தான்.

அந்த ஐப்பசியில், அடைமழை தொடங்கிய வாரம், நாச்சியாவின் முகமும் காலும் வீங்கின. சிறுநீரகம் என்றார்கள். மகன் துபாயிலிருந்து வந்து சென்னைக்குக் கூட்டிப் போனார். புறப்படும்போது நாச்சியா காரின் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னார்: "காலையில அவளுக்குப் பசியாற ஏதாச்சும் குடுத்துருங்க டீச்சரம்மா. பக்கத்துல நிக்காதீக. நின்னா திங்க மாட்டா."

சென்னையில் அவருக்கு எதுவும் குறைவில்லை. தனி அறை, டயாலிசிஸ், இரண்டு டாக்டர்கள், மருமகள் பக்கத்தில். தை மாதத்தில் மௌத்தானார். ஆம்புலன்ஸில் ஊருக்குக் கொண்டுவந்து பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. முத்துராக்கு பூவரசு மரத்தடியில் நின்று, உடலைச் சுமந்த சந்தூக்கு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். அன்றைக்குக் கூடையைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மகன் மாடிக்கு வந்தார். கையில் வெண்ணெய் பிஸ்கட் தகர டப்பா ஒன்று. நாச்சியாவின் ஆஸ்பத்திரிப் பையில் இருந்ததாம். திறந்து காட்டினார். உள்ளே மாத்திரைகள். ஒன்றுகூட முழுசு இல்லை. டப்பா நிறையப் பாதிகள். வெள்ளையும் வெளிர் மஞ்சளுமாக.

"உம்மா மாத்திரைய ஒழுங்காப் போடலியா டீச்சர்?" என்று கேட்டார். "இதப் பத்தி ஏதும் ஒங்ககிட்டச் சொன்னாகளா? கடைசில முத்துராக்குன்னு ரெண்டு தரம் சொன்னாக. வேற ஒண்ணும் வெளங்கல."

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள முயன்றேன். மருமகள் போனில் சொன்னாள்: மாத்திரையை நர்ஸ்தான் கொடுப்பாள், மாமி கையில் வாங்கிக்கொள்வார், விழுங்குவதை யாரும் நின்று பார்த்ததில்லை. இராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம், மகன் என்னிடம் விட்டுப்போன டப்பாவை எடுத்துப்போனேன். ஒரு காகிதத்தில் கொட்டி, சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல பாதி சர்க்கரை மாத்திர, கொஞ்சம் பிரஷரு. அம்மாவோட பழைய சீட்டுலயும் இது இருக்கு, சென்னைச் சீட்டுலயும் இருக்கு. அட்டை இருந்தா தேதி பாக்கலாம். நறுக்குன மாத்திரையில தேதி எங்க இருக்கும் டீச்சர்?" பாக்குவெட்டியும் அந்தப் பையில் இருந்ததாக மகன் சொன்னார். நாச்சியாதான் வெற்றிலை போடுகிறவர் ஆயிற்றே. ஆகவே அது எதற்கும் சாட்சி ஆகாது.

டப்பாவைப் பற்றிச் சொன்னபோது முத்துராக்குவுக்குச் சந்தேகமே இல்லை. "எனக்குன்னு எடுத்து வச்சிருக்காக. குடுத்துருங்க டீச்சர். முழுங்க மாட்டேன். சும்மா வச்சுக்குறேன்."

நான் இன்னும் கொடுக்கவில்லை. அவள் விழுங்கமாட்டாள் என்று என்னால் நம்ப முடியவில்லை. தினமும் காலையில் வருகிறாள். படியேற அவளால் முடியாது. நான் தட்டைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்கிறேன். மெல்லும் சத்தம் கேட்கிறது.

டப்பா என் அலமாரியில் இருக்கிறது. அதில் உள்ளவை, முத்துராக்கு விழுந்த பிறகு நாச்சியா பழக்கத்தில் நறுக்கி, கொடுக்கப் பயந்து சேர்த்துவைத்தவையாக இருக்கலாம். சென்னையில் தன் பங்கை மட்டும் போட்டுக்கொண்டு, அவளுக்கென்று எடுத்துவைத்தவையாகவும் இருக்கலாம். கொடுக்காமல் விட்ட பாதிகளா, விழுங்காமல் விட்ட பாதிகளா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதியாகவில்லை.